எழுதுமுன் படிக்கும் கருவி எது?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் செருகியதும் விண்டோஸ் ஒரு சிறிய பெட்டியைக் காட்டுகிறது. ஈ டிரைவில் உள்ள டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஃபார்மட், கேன்சல். நேற்றுவரை கல்யாண ஆல்பமும் பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன்களும் இருந்த டிஸ்க் அது என்பது விண்டோஸுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. தன்னால் படிக்க முடியாததை எல்லாம் காலி என்றே எடுத்துக்கொள்கிறது. இன்று கடையில் வாங்கிய புது டிஸ்க்குக்கும் பத்து வருடப் படங்களைச் சுமந்து நொடித்துப்போன டிஸ்க்குக்கும் ஒரே பெட்டி, ஒரே கேள்வி.

பார்ட்டிஷன் பிழைக்கு மருந்து கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். செக்டிஸ்க் போடு என்பார் ஒருவர். டெஸ்ட்டிஸ்க் இறக்கிப் பார் என்பார் இன்னொருவர். காசு கட்டி ரிக்கவரி மென்பொருள் வாங்கிவிடு என்பவரும் உண்டு. பேசாமல் ஃபார்மட் போட்டுவிட்டு நிம்மதியாக இரு என்பவர் கடைசியில் வருவார். ஒவ்வொருவரும் தமக்கு ஒருமுறை கைகொடுத்த கருவியையே பரிந்துரைக்கிறார்கள். அந்தச் சாட்சியத்தை அப்படியே ஏற்க முடியாது. கருவியால் டிஸ்க் பிழைத்தவர்கள்தான் வெளியே வந்து பேசுகிறார்கள்; அதே கருவியால் எல்லாம் போனவர்கள் புது டிஸ்க் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆகவே வேறு அளவுகோல் வேண்டும். பழுது எங்கே என்று தெரியவருமுன் இந்தக் கருவி டிஸ்க்கில் எழுதுகிறதா? எழுதினால், எழுதியதை மாற்றிப் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்திருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளை வைத்தே கீழே எடைபோடுகிறேன்.

அதற்குமுன் பழுது என்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த ஒரே பெட்டிக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

மேல் அடுக்கில் இருப்பது பார்ட்டிஷன் அட்டவணை. 1983இல் டாஸ் 2.0வோடு வந்த எம்பிஆர் முறையில் டிஸ்க்கின் முதல் செக்டாரான 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது: 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் அட்டவணை, கடைசி 2 பைட்டில் ‘55 ஏஏ’ என்ற முத்திரை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு வரிகள். அந்த 64 பைட் அழிந்தால் ஒரு டெராபைட் முழுக்கக் காணாமல் போனதுபோல் தோன்றும்; ஆனால் உள்ளே ஒரு கோப்புகூட இடம் பெயர்ந்திருக்காது. 2 டெராபைட்டுக்கு மேல் எம்பிஆரால் முகவரி சொல்ல முடியாததால் பின்னாளில் ஜிபிடி வந்தது. அது அட்டவணையின் நகலை டிஸ்க்கின் கடைசியில் வைத்துக்கொள்கிறது. முதல் பிரதி கெட்டிருக்கிறதா என்று செக்சம் மூலம் தானே கண்டுபிடிக்கவும் செய்கிறது. முன்னதைவிட எவ்வளவோ பொறுப்பான வடிவமைப்பு.

அடுத்த அடுக்கு பார்ட்டிஷனின் பூட் செக்டார். இதற்குப் பல வடிவங்களில் நகல் உண்டு. என்டிஎஃப்எஸ் தன் நகலைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரிலும், ஃபாட்32 வழக்கமாக 6ஆம் செக்டாரிலும், எக்ஸ்ஃபாட் 12ஆம் செக்டாரில் தொடங்கியும் வைத்துக்கொள்கின்றன. அதற்கும் கீழே என்டிஎஃப்எஸ்ஸின் எம்எஃப்டி. ஒவ்வொரு கோப்புக்கும் பெரும்பாலும் 1024 பைட்டில் ஒரு பதிவு: பெயர், அளவு, உள்ளடக்கம் டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது என்ற விவரம். எம்எஃப்டிக்கும் நகல் இருக்கிறது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். அந்த நகலில் இருப்பது முதல் நான்கு பதிவுகள் மட்டுமே. உங்கள் படங்களின் பதிவுகளுக்கு நகல் கிடையாது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இரும்பு. தேய்ந்த தட்டு, தளர்ந்த கேபிள், முன்பக்க யூஎஸ்பி துளையிலிருந்து போதிய மின்சாரம் கிடைக்காத டிஸ்க். இந்த நான்கில் எது கெட்டாலும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் ‘ரா’ என்றோ ‘அன்அலொகேட்டட்’ என்றோ ஒற்றைச் சொல்தான் வரும்.

பழுதே இல்லாமலும் அந்தச் சொல் வரும். இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெட்டி கெட்டுவிட்டது என்று உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி நேராக மதர்போர்டில் இணைக்கிறார்கள். உடனே ‘ஃபார்மட் செய்யவா’ என்ற பெட்டி வருகிறது. காரணம் எளிய கணக்கு. பெரிய டிஸ்க்குகளைப் பழைய எம்பிஆரிலேயே ஓட்டுவதற்காகச் சில பெட்டிகளின் மின்சுற்று, 512 பைட் செக்டார்களை எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் செக்டாராகக் கணினியிடம் காட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் பார்ட்டிஷன் 256ஆம் செக்டாரில் தொடங்குகிறது என்று அட்டவணையில் எழுதியிருந்தால், 256ஐ 4096ஆல் பெருக்கி, 10,48,576ஆவது பைட்டில் பார்க்க வேண்டும். நேரடி இணைப்பில் கணினி 256ஐ 512ஆல் பெருக்கி 1,31,072ஆவது பைட்டுக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. அட்டவணை சரி, பூட் செக்டார் சரி, கோப்புகள் சரி. படிக்கும் அளவுகோல்தான் மாறிப்போயிற்று. அதே வகைப் பெட்டி ஒன்றில் திரும்பப் போட்டால் எல்லாம் வந்துவிடும். இந்த நிலையில் எந்தக் கருவியையும் ‘சரிசெய்ய’ விடுவது, கெடாததைக் கெடுப்பது.

இனி கருவிகள். முதலில் செக்டிஸ்க், ஏனென்றால் முதலில் கை போவது அதன்மேல்தான். டாஸ் காலத்திலிருந்து கூடவே வருகிறது, விண்டோஸிலேயே இருக்கிறது, இலவசம், ஒரே வரியில் ஓடும். இதற்கு நியாயமான புகழும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, யூபிஎஸ் இல்லை. மறுபடி இயக்கினால் டிரைவ் திறக்கிறது, ஓரிரண்டு ஃபோல்டர் மட்டும் முரண்டு பிடிக்கிறது, டிஸ்க்கின் உடல் ஆரோக்கியமாக இருக்கிறது. இந்த நிலைக்குச் செக்டிஸ்க்தான் சரியான மருந்து. விண்டோஸ் 8 முதல் டிரைவ் பயன்பாட்டில் இருக்கும்போதே ‘ஸ்கேன்’ செய்துவிட்டு, கெட்ட இடத்தை மட்டும் ‘ஸ்பாட்ஃபிக்ஸ்’ என்று சில விநாடிகளில் திருத்தும் வசதியும் சேர்ந்தது. எந்தத் துணைக் கட்டளையும் கொடுக்காமல் ஓட்டினால் செக்டிஸ்க் டிஸ்க்கில் எதையும் மாற்றாது. பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். அதோடு ‘ரா’ என்று தெரியும் டிரைவில் ஓட்டச் சொன்னால், இந்த வகை டிரைவுக்கு நான் பயன்படமாட்டேன் என்று சொல்லி விலகிக்கொள்கிறது. ஃபார்மட் பெட்டிக்கு இல்லாத நாகரிகம் இதற்கு இருக்கிறது.

குற்றம் வேறிடத்தில். யாரும் அதைத் துணைக் கட்டளை இல்லாமல் ஓட்டுவதில்லை. ‘எஃப்’ சேர், முடிந்தால் ‘ஆர்’ சேர் என்றே அறிவுரை வருகிறது. ‘எஃப்’ சேர்த்தால் செக்டிஸ்க் என்ன செய்கிறது என்பதை அதன் திரையே ஒளிக்காமல் சொல்கிறது: இன்ன எண்ணுள்ள பதிவிலிருந்து கெட்டுப்போன பண்பு நீக்கப்படுகிறது, இன்ன ஃபோல்டரின் அட்டவணையிலிருந்து இன்ன பெயர் நீக்கப்படுகிறது. வரிக்கு வரி ‘டெலீட்டிங், டெலீட்டிங்’ என்று ஓடும். இதை ரிப்பேர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். செக்டிஸ்க்கின் கடமை கோப்பு முறைமையை முரண்பாடு இல்லாததாக ஆக்குவது. விண்டோஸ் அதில் மறுபடி பயமின்றி எழுதும்படி செய்வது. ஒரு பதிவு பொருந்தவில்லை என்றால் அதைத் தூக்கிவிட்டால் முரண்பாடு தீர்ந்தது. அந்தப் பதிவில் உங்கள் படம் இருந்தது என்பது அதன் கணக்கில் வராது. அநாதையாகக் கிடைத்தவற்றை ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கும். பென் டிரைவ், மெமரி கார்டு போன்ற ஃபாட் வகைகளில் பெயரெல்லாம் இழந்து வரிசை எண்களோடு கிடக்கும் அவற்றிலிருந்து எது எதுவென்று தேடுவது நம் பாடு.

என் முதல் கேள்விக்குச் செக்டிஸ்க்கின் பதில்: ஆம், எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு: இல்லை, திரும்ப வழி இல்லை. இதைவிட மோசம் ‘ஆர்’. அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்துப் பார்க்கிறது. உடல் தளர்ந்த டிஸ்க்கில் மணிக்கணக்காக இந்தப் பரிசோதனையை ஓட்டினால், கோப்புகளைக் காப்பாற்றச் செலவிட்டிருக்க வேண்டிய கடைசி உயிரைப் பரிசோதனையிலேயே செலவழித்துவிடுகிறோம்.

கருவியே கெட்டுப்போகும் சாத்தியமும் உண்டு. 2020 டிசம்பரில் விண்டோஸ் 10இன் 20ஹெச்2 பதிப்புக்கு வந்த கேபி4592438 அப்டேட்டை நிறுவிய சில கணினிகளில், செக்டிஸ்க்கை ‘எஃப்’போடு ஓட்டியதும் கோப்பு முறைமை சேதமாகிக் கணினி எழுந்திருக்க மறுத்தது. மைக்ரோசாஃப்டே இதை ஒப்புக்கொண்டு பின்பு திருத்தியது. ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சொன்ன வழி: ரிக்கவரி திரையில் போய் இன்னொரு முறை செக்டிஸ்க்கை ‘எஃப்’போடு ஓட்டுங்கள். பலருக்கு அது பலித்திருக்கும். ஆனால் கெடுத்த கருவியையே மருந்தாகச் சொல்லும்போது கையில் நகல் இல்லாதவர் மனநிலை எப்படி இருந்திருக்கும்?

செக்டிஸ்க்கைப் பற்றி எச்சரிக்கும்போது டிஸ்க்கின் உடல்நிலையை முதலில் பார் என்று சொல்வது வழக்கம். ஸ்மார்ட் அளவீடுகளை அதற்குப் பயன்படுத்துகிறோம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல் போதும். ‘05’ மாற்றப்பட்ட செக்டார்கள், ‘சி5’ படிக்க முடியாமல் காத்திருப்பவை, ‘சி7’ ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. இந்த மூன்று வரிகளைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது, டிஸ்க்கில் எதையும் எழுதுவதும் இல்லை. எனவே அதற்கு முழு மதிப்பெண். ஆனால் அதன் நற்சான்றிதழை நம்பிவிடக் கூடாது. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வு இரண்டு பக்கமும் பேசுகிறது. முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். அதே சமயம் செத்த டிஸ்க்குகளில் 56 விழுக்காட்டுக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே போயின. சிவப்பு காட்டினால் நம்புங்கள். பச்சை காட்டினால் பாதிதான் நம்புங்கள்.

டெஸ்ட்டிஸ்க்குக்கு வருவோம். ஃபிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது, கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். நிறுவத் தேவையில்லை, ஜிப்பை வேறொரு டிரைவில் பிரித்து ஓட்டினால் போதும். திரையைப் பார்த்தால் பயம் வரும்: கறுப்புப் பின்னணி, எழுத்து மட்டும், மவுஸ் வேலை செய்யாது. இந்தத் தோற்றத்தால்தான் பலர் பாதியில் ஓடிவிடுகிறார்கள், அது நியாயமான குறைதான். ஆனால் அதன் வேலைமுறை இந்தக் கருவிகளிலேயே மிக நேர்மையானது.

‘அனலைஸ்’ கொடுத்ததும் இப்போது அட்டவணையில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ‘குவிக் சர்ச்’ கொடுத்தால் அட்டவணையை நம்பாமல் டிஸ்க்கிலேயே பூட் செக்டார்களின் தடயத்தைத் தேடி, இங்கே ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் இருந்திருக்கிறது, இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று வரிசையிடுகிறது. இந்த இடத்தில் ‘பி’ பொத்தானை அழுத்துங்கள். கண்டுபிடித்த பார்ட்டிஷனுக்குள் இருக்கும் ஃபோல்டர்களையும் கோப்புகளையும் பட்டியலிடும். உங்கள் ஃபோல்டர் பெயர்கள் அங்கே தெரிந்தால் கண்டுபிடிப்பு சரி, தெரியாவிட்டால் தவறு. ஊகத்துக்கு வேலையே இல்லை. அந்தப் பட்டியலிலிருந்தே வேண்டியதைத் தேர்ந்து ‘சி’ அழுத்தி இன்னொரு டிரைவுக்கு நகலெடுத்தும்விடலாம். இதுவரை கெட்ட டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதப்படவில்லை. கடைசியாக ‘ரைட்’ என்ற இடத்துக்குப் போய், உறுதிப்படுத்தக் கேட்கும்போது ‘ஒய்’ கொடுத்தால்தான் எழுதும். அப்போதும் எழுதுவது அட்டவணையை மட்டுமே. அட்டவணையின் பழைய நிலையை முன்கூட்டியே சேமித்து வைக்கவும் அதில் வழி உண்டு. என் இரண்டு கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொல்லும் கருவி இது.

அதற்காக அப்பழுக்கற்றது என்று சொல்லமாட்டேன். ‘டீப்பர் சர்ச்’ பல வருடங்களுக்கு முன் அழிக்கப்பட்ட பார்ட்டிஷன்களின் எச்சங்களையும் தோண்டி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் பட்டியலைத் தரும். எதைத் தேர்வது என்று தெரியாதவர் தவறானதைத் தேர்ந்து ‘ரைட்’ கொடுத்தால் நிலைமை சிக்கலாகும். ஆரம்பத்தில் எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும் இடத்தில் கருவி தானே ஊகித்துக் காட்டுவதை விட்டுவிட்டு வேறு தேர்ந்தால் தேடலே வழிதவறும். மேலும் அதன் வலிமை முதல் இரண்டு அடுக்குகளில்தான். அட்டவணை போனாலும் பூட் செக்டார் போனாலும் அற்புதம் செய்யும். எம்எஃப்டி நடுவில் கிழிந்திருந்தால் கிழிந்த பகுதியில் இருந்தவை அதற்கும் தெரியாது. அப்போது அதே பொட்டலத்தில் வரும் ஃபோட்டோரெக் இருக்கிறது. அது கோப்பு முறைமையையே பார்க்காமல், ஜேபெக் இப்படித்தான் தொடங்கும், பிடிஎஃப் இப்படித்தான் தொடங்கும் என்று உள்ளடக்கத்தின் அடையாளத்தை வைத்துப் பொறுக்கி எடுக்கும். கோப்புகள் வரும், பெயரும் ஃபோல்டரும் வராது. இருபதாயிரம் படங்கள் எண் பெயர்களோடு வந்து குவிந்தால் அடுக்குவதற்கு ஒரு கோடை விடுமுறை வேண்டும். ஆனாலும் வரும்.

டிஸ்க்கின் உடலே தளர்ந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க்கையும் நேராக அதன்மேல் ஓட்டக் கூடாது. அங்கே வேண்டியது க்னூ டிடிரெஸ்க்யூ. லினக்ஸ் லைவ் யூஎஸ்பியிலிருந்து ஓட்ட வேண்டும். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்கும் இடங்களை எல்லாம் வாரி எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறது. விட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துப் பின்னால் திரும்பி வந்து முயல்கிறது. நடுவில் நிறுத்தினாலும் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க் எந்த நேரமும் சாகலாம் என்ற நிலையில் நல்ல பகுதியை முதலில் காப்பாற்று என்ற இந்த ஒழுங்கு பொன்னானது. கிடைத்த நகலின்மேல் டெஸ்ட்டிஸ்க்கையும் ஃபோட்டோரெக்கையும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. அதே அளவோ பெரியதோ இன்னொரு டிஸ்க் வேண்டும். விநாடிக்கு 100 மெகாபைட் வேகம் என்றாலும் ஒரு டெராபைட்டுக்கு மூன்று மணி நேரம் நெருங்கும். நோயாளி டிஸ்க்கில் நாள்கணக்காகும். லினக்ஸ் டெர்மினலைப் பார்த்திராதவருக்கு மூலமும் இலக்கும் இடம் மாறிவிட்டால் காலி டிஸ்க்கின் நகல் படங்களின்மேல் எழுதப்பட்டுவிடும். அந்த ஒரு பிழைக்கு மன்னிப்பே கிடையாது. ஆகவே வீட்டுப் பயனர் எல்லாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டாலோ படங்கள் விலைமதிப்பற்றவை என்றாலோ இதைக்கூட ஓட்டாமல் கரண்டை நிறுத்திவிட்டு, தூசியற்ற அறை வசதி உள்ள மீட்பகத்துக்குக் கொடுப்பதே சரி.

காசு வாங்கும் மென்பொருள்களை இரண்டு பத்தி அளவுக்குத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நியாயமாகப் பார்த்தால் ஒன்று போதும். இவற்றின் திரை தெளிவு, மவுஸ் வேலை செய்கிறது, பலவும் டிஸ்க்கில் எழுதாமலே தேடுகின்றன. குறை விற்பனை முறையில். இலவசமாகத் தேடி, கோப்புப் பெயர்களைப் பட்டியலிட்டு, சேமிக்கப் போகும்போது பணம் கேட்கின்றன. பெயர் தெரிவதால் உள்ளடக்கம் இருக்கிறது என்று ஆகாது. பெயர் எம்எஃப்டியில் இருக்கும், படம் இருந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்பட்டிருக்கும். எனவே ப்ரிவ்யூவில் படம் முழுதாகத் திறக்கிறதா என்று பத்துப் பதினைந்தையாவது பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இன்னொன்று, எதை மீட்க வேண்டுமோ அதே டிரைவில் மென்பொருளை நிறுவாதீர்கள்.

பயனரின் கைப்பிழையை மட்டும் பேசுவது அநியாயம். பார்ட்டிஷன் சிக்கலை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது சில சமயம் மைக்ரோசாஃப்டேதான். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு கேபி5034441 என்ற அப்டேட் வந்தது. பிட்லாக்கர் பூட்டைத் தாண்டிச் செல்ல இடம்கொடுத்த ஓர் ஓட்டையை அடைப்பதற்கானது. ரிக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாத கணினிகளில் எல்லாம் அது தோற்றது. திரையில் வந்தது ‘80070643’ என்று முடியும் பொதுவான நிறுவல் பிழைக்குறி மட்டுமே. இடம் போதவில்லை, பார்ட்டிஷன் சின்னது என்று ஒரு வார்த்தை இல்லை. ரிக்கவரி பார்ட்டிஷனே இல்லாத, ஆகவே இந்த அப்டேட்டே தேவைப்படாத கணினிகளிலும் அதே குறி வந்தது. அந்த நிலையில் பிழையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் விளக்கம் எழுதியது.

அது கொடுத்த தீர்வைப் பாருங்கள். டிஸ்க்பார்ட்டைத் திற, விண்டோஸ் பார்ட்டிஷனைத் தேர்ந்து 250 மெகாபைட் சுருக்கு, பிறகு ரிக்கவரி பார்ட்டிஷனின் எண்ணைத் தேர்ந்து ‘டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு’ கொடு, ஜிபிடி டிஸ்க் என்றால் 32 பதின்அறும இலக்கங்கள் கொண்ட அடையாள எண்ணைத் தட்டிப் புதியதை உருவாக்கு. டிஸ்க்பார்ட் உறுதிப்படுத்தக் கேட்காது. தேர்ந்த எண் ஒன்று மாறிப்போனால், ‘ஓவர்ரைடு’ என்ற அந்தச் சொல் எந்தப் பாதுகாப்பையும் மீறி டி டிரைவை நீக்கிவிடும். மின்னஞ்சல் பார்க்கவும் வருமான வரிப் படிவம் நிரப்பவும் கணினி வைத்திருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுக்க வேண்டிய குறிப்பா இது? பின்னாளில் ஸ்கிரிப்ட் ஒன்றும் வெளியிட்டார்கள். ஆனால் அந்த முதல் குறிப்பு, கருவி எவ்வளவு வல்லது என்பதை மட்டும் பார்த்து யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பார்க்காததன் நல்ல உதாரணம். டிஸ்க்பார்ட்டின் ‘கிளீன்’ கட்டளையும் இந்த ரகம்தான்: கண்ணிமைக்கும் நேரத்தில் அட்டவணையைத் துடைத்துவிடும். அதிலாவது உள்ளே இருப்பது மிஞ்சும், டெஸ்ட்டிஸ்க் வந்து காப்பாற்ற வாய்ப்புண்டு. ‘கிளீன் ஆல்’ கொடுத்தால் ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்யம்.

இதுவரை சொன்னதெல்லாம் சுழலும் டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டியில் எடை மாறுகிறது. குவிக் ஃபார்மட் போட்டாலும் உள்ளடக்கம் அப்படியே இருக்கும் என்ற பழைய ஆறுதல் அங்கே செல்லாது. விண்டோஸ் 7 முதல், அழித்த இடங்களை ‘டிரிம்’ மூலம் எஸ்எஸ்டிக்கு அறிவித்துவிடுகிறார்கள்; ஃபார்மட் போட்டாலும் அப்படியே. எஸ்எஸ்டி அவற்றைத் தன்பாட்டில் காலிசெய்துவிடும். டெஸ்ட்டிஸ்க் ஆகட்டும், காசு வாங்கும் மென்பொருள் ஆகட்டும், பூஜ்யத்தைத்தான் படிக்கும். ஆகவே அந்த ஃபார்மட் பெட்டி எஸ்எஸ்டியில் கேட்கும்போது அது பழைய காலத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தான கேள்வி. மைக்ரோசாஃப்ட் அதன் வாசகத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை என்பதுபோலவே இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிட்லாக்கர் பூட்டிய டிரைவில் 48 இலக்கச் சாவி இல்லையென்றால் மேலே சொன்ன எல்லாக் கருவிகளும் வெறும் பார்வையாளர்கள். 2024இல் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும் கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது. தன் டிரைவ் பூட்டப்பட்டிருப்பதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள்.

தீர்ப்பு. ஃபார்மட் பெட்டிக்கு இடமில்லை, கேன்சல்தான். கேபிளையும் யூஎஸ்பி துளையையும் மாற்றிப் பார்த்து, ஸ்மார்ட் வரிகளைப் பார்த்தபின், வீட்டுப் பயனர் முதலில் தொட வேண்டியது டெஸ்ட்டிஸ்க். அதிலும் ‘பி’ வரை போய்க் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுக்கும்வரை மட்டும். ‘ரைட்’ அதற்குப் பிறகு. ஸ்மார்ட் சிவப்பு காட்டினால் டிடிரெஸ்க்யூ அல்லது தெரிந்தவர் கை. செக்டிஸ்க் ‘எஃப்’ கடைசியில், கோப்புகள் வேறு டிரைவில் பத்திரமான பிறகு, டிஸ்க்கை மறுபடி புழங்குவதற்காக. ‘ஆர்’ வீட்டில் வேண்டவே வேண்டாம். செக்டிஸ்க்கை முதலிடத்தில் வைக்கும் அறிவுரை, அதை யார் சொன்னாலும், தவறு.

டிஸ்க் நன்றாக இருக்கும் இன்றைக்கே இரண்டு காரியம் செய்துவிடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எத்தனை பார்ட்டிஷன், எந்த வரிசை, எவ்வளவு அளவு என்பது டெஸ்ட்டிஸ்க் தரும் பட்டியலில் சரியானதைத் தேர அப்போது உதவும். பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, போட்டிருந்தால் அந்த 48 இலக்கங்களை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.